450-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் என் பழைய மாணவர்களுக்கு

நீளமான பதிவு. வாட்ஸ்அப் குழுவில் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தேன், பதிலுக்குக் கேலிப் படங்கள்தான் வந்தன. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

விவரம் தெரியாத சொந்தக்காரர்களுக்காக: 1980-களில் என்னிடம் ஆறாவது, ஏழாவது படித்த பையன்கள் சிலர் ஞாயிறு காலையில் கோயமுத்தூருக்கு வெளியே ஒரு மண் தடத்தில் டர்ட் பைக் ஓட்டுகிறார்கள். பையன்கள் என்று நான் சொல்கிறேன், எல்லாருக்கும் 48-லிருந்து 53 வயது. என் அக்கா மகனும் அதில் ஒருவன். அவ்வப்போது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று பந்தயமும் வைத்துக்கொள்கிறார்கள். நான் ஸ்டாப்வாட்சோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுற்று நேரம் குறிப்பேன். 40 பக்க நோட்டில் மூன்று நோட்டு நிறைந்துவிட்டது.

இப்போது மாப்பிள்ளை பி.எஃப். பணத்தை எடுத்து 450 சிசி மோட்டோகிராஸ் வண்டி வாங்கப் போகிறான். குழுவில் ஒரே கைதட்டல். "250 சின்னப் பசங்க வண்டிடா", "இன்னும் கொஞ்சம் போட்டா 450 வந்துரும், அப்புறம் எதுக்கு யோசனை?" இரண்டையும் எழுதியவர்கள் என் மாணவர்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும். அந்தப் பேச்சு தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால் என் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?" என்று நீ கேட்பது என் கட்சி இல்லை அக்கா. ஓட்டட்டும். கலிபோர்னியாவில் க்ளென் ஹெலன் என்ற தடத்தில் வருஷா வருஷம் வெட்டரன் மோட்டோகிராஸ் பந்தயம் நடக்கிறது. 30, 40, 50, 60 என்று வயதை வைத்துத்தான் பிரிவு. அறுபது தாண்டியவர்கள் அங்கே தாவிக் குதிக்கிறார்கள். வயது தடையில்லை. எதன் மேல் உட்காருகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஒரு கணக்குப் போடுவோம். நம் ஊரில் எல்லாரும் பெரிய வண்டி என்று நினைப்பது புல்லட் 350. அதன் சக்தி ஏறத்தாழ 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ சொச்சம். 450 மோட்டோகிராஸ் வண்டி 50 குதிரைத்திறனுக்கு மேல், எடை 110 கிலோவைச் சுற்றி. ஓட்டுபவர் 80 கிலோ என்று வையுங்கள். புல்லட்டில் 275 கிலோவை 20 குதிரை இழுக்கிறது, இதில் 190 கிலோவை 50 குதிரை இழுக்கிறது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் வரும். அதுவும் தார் ரோட்டில் இல்லை, புழுதியில், பள்ளத்தில், எழுந்து நின்றுகொண்டே ஓட்டும்போது. சிசி என்றால் சிலிண்டரின் கொள்ளளவு என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அது ஆண்மையின் கொள்ளளவு என்று சொல்லித்தந்த ஆசிரியர் யாரென்று தெரியவில்லை.

இனி நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். போன மாதம் மாப்பிள்ளை ஒரே காலையில் இரண்டு இரவல் வண்டி ஓட்டினான். முதலில் 450. ஐந்து சுற்று: 1:52, 1:54, 1:58, 2:04, 2:10. இறங்கியதும் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, நான்தான் திறந்து கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு 250. 1:55, 1:54, 1:55, 1:56, 1:57. முதல் சுற்றில் 450-தான் வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தையும் கூட்டுங்கள். 450-க்கு 9 நிமிஷம் 58 விநாடி, 250-க்கு 9 நிமிஷம் 37 விநாடி. ஏற்கெனவே களைத்த உடம்போடு, 21 விநாடி முன்னால். குழுவில் எல்லாரும் பேசுவது அந்த முதல் 1:52-ஐப் பற்றி மட்டும்.

பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் போனதற்குப் பெயர் ஆர்ம் பம்ப். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க முன்கைத் தசை வீங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. ரத்தம் சரியாக ஓடாமல் கை கல்லாகிவிடும். பிறகு விரல் பிரேக்குக்கும் போகாது, கிளட்ச்சுக்கும் போகாது. இருபது வயதுக்காரனுக்கும் வரும். ஆனால் வண்டி எவ்வளவு பிடுங்குகிறதோ அவ்வளவு இறுக்குவோம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்ச வரம்பு தோராயமாகக் கிடைக்கும் என்பார்கள். இருபதுக்கு 200, ஐம்பதுக்கு 170. மோட்டோகிராஸ் அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே நம்மை வைத்திருக்கும் விளையாட்டு. மிச்சம் பிடிக்க நம்மிடம் இடம் குறைவு.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்றான். அவனும் 450-தான். மூன்றாவது சுற்றில் டேபிள்-டாப் மேட்டிலிருந்து இறங்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் கை இழுபட்டது, கை இழுபட்டதும் ஆக்சிலேட்டர் இன்னும் திறந்தது, திறந்ததும் உடம்பு இன்னும் பின்னால் போனது. 250-இலும் இது நடக்கும். ஆனால் சுதாரித்துக் கையை விட அரை விநாடி கிடைக்கும். 450 அந்த அரை விநாடியைத் தரவில்லை. நேரே டயர் சுவர். வலது காரை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். இரண்டு மாதம் பட்டறையில் அவன் கை படவில்லை. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், வந்த ஆர்டரை வேறு பட்டறைக்குக் கைகாட்டி விட்டான். 25 வயதில் இந்த எலும்பு சீக்கிரம் கூடிவிடும், 52-இல் அப்படி எதிர்பார்க்க முடியாது. அன்றைக்கு அவன் முதல் சுற்று முடித்து வந்தபோது "அடடா, என்ன வேகம்!" என்று எழுந்து நின்று கைதட்டியது நான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நான் வாத்தியார் இல்லை. 250 ஃபோர்-ஸ்ட்ரோக் கீழ் வேகத்தில் இழுக்காது, 13,000, 14,000 சுற்று வரை அலறவிட்டால்தான் அதன் சக்தி முழுதும் வரும். அதனால் கியர் அதிகம் மாற்ற வேண்டும், திருப்பத்தில் கிளட்ச்சை நழுவவிட வேண்டும், அதுவே களைப்பு. 450 என்றால் மூன்றாவது கியரில் போட்டுவிட்டுச் சும்மா உருட்டலாம். உண்மைதான். விடாமல் முப்பது வருஷம் பந்தயம் ஓட்டியவர்கள் இந்தக் காரணத்துக்காகவே 450-இல் இருக்கிறார்கள். நீங்கள் அப்படியா? கல்லூரியில் ஆர்.எக்ஸ். 100 ஓட்டிவிட்டு, கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு என்று 25 வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்கள். சும்மா உருட்டலாம் என்பது மணிக்கட்டு சொன்னபடி கேட்கும்வரைதான்.

"சார், எடையில் நாலைந்து கிலோதானே வித்தியாசம்" என்று ஒருவன் கேட்டான். தராசில் அவ்வளவுதான். ஆனால் நினைவிருக்கிறதா, சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு கையிலும் பிடிக்கச் சொல்லி, சுற்றிவிட்டுத் திருப்பச் சொன்னேனே? சக்கரம் திரும்ப மறுத்தது, உங்களில் ஒருவன் பயந்து கீழே போட்டுக் கம்பி வளைந்தது. 450-க்குள் சுழலும் பாகங்கள் கனமானவை. அதே காரணத்தால் சாய்க்கவும் திருப்பவும் வண்டி முரண்டு பிடிக்கும். நாலு கிலோ நாற்பது கிலோ போலத் தெரிவது உங்கள் பிரமை இல்லை.

2024-இல் புனேயில் ஆரம்பித்த இந்தியன் சூப்பர்கிராஸ் லீக்கைப் பார்த்துத்தான் இந்த ஆசையே கிளம்பியது. நானும் பார்த்தேன். அதில் 450 பிரிவு வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்களுக்கு. நம் நாட்டு வீரர்களுக்கு வைத்திருந்த பிரிவு 250. நம் ஊர்ச் சாம்பியன்களுக்குப் போதுமானது சனிக்கிழமை வரை ஆபீசில் உட்காருகிற உங்களுக்குப் போதவில்லையா? இன்னொன்று. இத்தாலிக்காரர் அந்தோனியோ கைரோலி 2010-இல் 350 சிசி கேடிஎம் வண்டியில், 450-களுக்கு எதிராக ஓட்டி, எம்எக்ஸ்1 உலகப் பட்டம் வாங்கினார். ஒரு தடவை மட்டுமில்லை, 2014 வரை வருஷா வருஷம். அவரை யாரும் சின்னப் பையன் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். புதிதாக வருகிறவர் முதல் வருஷம் எக்ஸ்பல்ஸ் 200 போன்ற ஒன்றை ஓட்டட்டும். சுமார் 160 கிலோ, விழுந்தால் தூக்கச் சிரமம்தான், சக்தி 19 குதிரைத்திறன் சொச்சம். ஆனால் நின்று ஓட்டவும் பிரேக் பிடிக்கவும் அது கற்றுத்தரும், ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டும் வரலாம். மோட்டோகிராஸ் வண்டியைப் பதிவு செய்ய முடியாது, ஒவ்வொரு தடவையும் டெம்போவில் ஏற்ற வேண்டும். பிறகு 250. உடம்பு 90 கிலோவைத் தாண்டியவர்களுக்கு 250 திணறும், அவர்கள் 350 கிடைத்தால் பார்க்கலாம். மிச்சமாகும் காசில் உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போடுங்கள். நீங்கள் ஏறி நின்றால் பின்பக்கம் 10 செ.மீ. அளவு அமுங்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் என்ஜினைப் பற்றிப் பேசுவது, அளவு சரியில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுவது போல.

மாப்பிள்ளை, முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று உன் பெண்டாட்டி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தடத்துக்கு வா. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு அந்த 450-ஐத் தரையில் படுக்கவைத்து மூன்று தடவை தூக்கு. உடனே ஏறி பத்துச் சுற்று ஓட்டு. பத்தாவது சுற்றின் நேரம் முதல் சுற்றைவிட ஐந்து விநாடிக்குள் இருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன், கடைக்கு உன்னோடு நானே வருகிறேன். கேலிப் படம் போட்டவர்களும் வாருங்கள், உங்களுக்கும் அதே பரீட்சைதான். தண்ணீர் கேன் இந்த வாரம் மாப்பிள்ளை முறை. நோட்டும் ஸ்டாப்வாட்சும் நான் கொண்டு வருகிறேன்.