சின்னப் பொட்டிக்குள் எதற்கு அடுப்பு?

சின்னதாக, மேசையில் டிபன் பாக்ஸ் மாதிரி உட்காருகிற டெஸ்க்டாப் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், சந்தையில் இருப்பதிலேயே பெரிய புராசசரைத் தேடுவது. கேட்டால் "நாலு வருஷம் தாங்கணும்ல?" என்பார்கள். நாலு வருஷம் இருக்கட்டும், அந்தப் பொட்டி முதலில் மே மாதத்தைத் தாங்குமா?

குழப்பம் ஆரம்பிப்பதே வாட் கணக்கில்தான். 2024 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ9-14900டி-யின் விவரப் பட்டியலில் 35 வாட் என்று இருக்கும். அடடா, பழைய குண்டு பல்பு அளவுதானே! கொஞ்சம் கீழே போனால் 'அதிகபட்ச டர்போ' 106 வாட். மூன்று மடங்கு! ஏஎம்டி மட்டும் யோக்கியமா? 7000 வரிசை ரைசனில் 65 வாட் என்று போட்ட சிப் 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் சிப் 142 வரை, 170 வாட் சிப் 230 வரை. எல்லாம் பட்டியலில் உண்டு, பொய் இல்லை. ஆனால் கடை வாசலில் 'ஆரம்ப விலை 99 ரூபாய்' என்று போர்டு வைக்கிற அதே வித்தை.

இப்போது பொட்டியைப் பாருங்கள். மினி-ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். மெல்லிய கேஸ்களுக்காகவே செய்யப்பட்ட நாக்டுவா என்எச்-எல்9 கூலர், விசிறியோடு சேர்த்தே 37 மில்லிமீட்டர் உயரம். இதன் தலையில் 200 வாட்டைக் கட்டினால் என்ன ஆகும்? சிப் எரியாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "அப்புறமென்ன, அதுவே பார்த்துக்கொள்ளுமே" என்று வாதாடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பொட்டி திருப்பி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் விசிறியின் இரைச்சல்தான்.

இன்னொன்று. கூலர் சூட்டை அறைக்குள்தான் தள்ள முடியும். அறை 10 டிகிரி கூடினால், அதே வாட்டில் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். குளுகுளு அறையில் எடுத்த விமர்சன எண்களை நம்பி, ஏசி இல்லாத சென்னை ஹாஸ்டல் அறைக்குப் பொட்டி கட்டுவது யார் தப்பு?

சரி, அந்தக் கடைசிச் சொட்டு வேகத்துக்கு என்ன விலை? சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். உச்ச வேகத்துக்கு மின்னழுத்தத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிதான், சிலிக்கானில் எழுதியிருக்கிறது.

உதாரணம்: ரைசன் 7 7700எக்ஸ், 2022 செப்டம்பரில் 399 டாலருக்கு வந்தது. கூலர் கிடையாது. எக்ஸ் இல்லாத 7700, 2023 ஜனவரியில் 329 டாலருக்குக் கூலரோடு வந்தது (அந்தக் கூலர் மெல்லிய கேஸில் நுழையாது என்பது தனிக்கதை). இரண்டுக்கும் 8 கோர். உச்ச வேகம் 5.4-க்கு 5.3 கிகாஹெர்ட்ஸ். எல்லாக் கோரும் ஓடும்போது எக்ஸ் இன்னும் கொஞ்சம் முந்தும், மறுப்பதற்கில்லை. அதற்காக 142 வாட்டா? 88 போதாதா?

இதில் வேடிக்கை, இன்டெல்லே ஒருமுறை இந்தப் பாடத்தைப் படித்தது. 2004-ல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4, உச்சத்தில் 3.8 கிகாஹெர்ட்ஸ், 115 வாட். 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை அதே வருடம் அக்டோபரில் கைவிட்டார்கள். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ இ6600 வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். அந்த 3.8-ஐ அது சுலபமாக முந்தியது. இருபது வருடம் கழித்து, 253 வாட் வரை இழுக்கும் ஐ9-14900கே. படித்த பாடம் எங்கே போயிற்று?

"அப்படியானால் 'டி' என்று முடியும் சிப்பைத் தேடி அலையணுமா?" வேண்டாம். அதுவும் அதே சிலிக்கான்தான், கடிவாளம் மட்டும் தொழிற்சாலையிலேயே போட்டது. பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் வாட் வரம்பை நாமே வைக்கலாம். ரைசனில் அதற்கு ஈகோ மோட் என்றே பெயர். ஆனால் பல போர்டுகள் இன்டெல் சொன்ன வரம்பையும் தளர்த்தி வைத்தே வருகின்றன. பயாஸுக்குள் போய்ப் பார்க்காதவர் தெரியாமலே அடுப்பைப் பற்ற வைக்கிறார்.

ஆக வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கேஸ். பிறகு அதில் நுழையும் கூலர். அந்தக் கூலர் எத்தனை வாட் தாங்கும் என்று பார்த்து, அதிகபட்ச வாட் அதற்குள் அடங்கும் சிப். நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவர் பெரிய சிப்பே வாங்கட்டும், பெரிய கேஸையும் சேர்த்து. டாலியும் எக்செலும் பிரவுசரும், நடுவில் ஒரு கேமும் ஓட்டுகிறவருக்கு 65 வாட் சிப்பே தாராளம். மிச்சப் பணத்தில் இன்னொரு 16 ஜிபி ராம் போட்டால் அந்த வித்தியாசம் தினமும் தெரியும். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் என்றைக்கும் தெரியாது :-)