கயிற்றில் ஒட்டிய மணல்

செம்பூரிலிருந்து அணுசக்தி நகர் போகும் பஸ்ஸில் தமிழ்ப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. டிராம்பே அணுசக்தி வளாகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கும் முன்பே அங்கு வந்து சேர்ந்தது நம் கடற்கரை மணலின் சத்து. அந்தக் கதையைத் தொடங்கிவைத்தவர் ஒரு ஜெர்மானியர்.

1909 வாக்கில் திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குத் தேங்காய்நார்க் கயிறு போய்க்கொண்டிருந்தது. கயிற்றில் ஒட்டிய மணல் வெறும் குப்பை. ஷோம்பர்க் என்ற ரசாயன நிபுணர் அதில் மின்னிய பழுப்பு மஞ்சள் துகள்களை எடுத்துப் பார்த்தார். மோனசைட்! அதற்குள் தோரியம்.

அன்று தோரியம் என்றால் வெளிச்சம். ஆஸ்திரியரான அவுர் வான் வெல்ஸ்பாக் 1891-ல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்ற கலவையில் காஸ் விளக்குக்கான மேன்டிலை உருவாக்கியிருந்தார். அதற்கு வேண்டிய மோனசைட் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. ஷோம்பர்க் சும்மா இருப்பாரா? கயிறு வந்த தேசத்துக்கே வந்துவிட்டார். 1910-ல் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை அமைத்தார். பிறகு சவறாவிலும் ஒன்று. முதல் உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மன் உளவாளி என்று கைதானார். ஆலைகள் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின.

நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் தலையில் சுமந்து வந்தார்களே பெட்ரோமாக்ஸ், அதன் வெள்ளை வலையில் இருந்ததும் தோரியம்தான்.

சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1955-ல் டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மணவாளக்குறிச்சி 1956-ல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் சேர்ந்தது. 1996-ல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய உலை, தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233 கொண்டு இயங்கத் தொடங்கியது.

விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிய கதை அணு உலை வரை வளர்ந்துவிட்டது. ஆனால் மணல் இருக்குமிடத்தில் மீனவர் குடியிருப்புகளும் இருக்கின்றன. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்தார்கள். கதிர்வீச்சு பற்றியும் கடல் அரிப்பு பற்றியும் அவர்கள் கேட்பதற்கு நேரான பதில் தர வேண்டும்.

மணலில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு ஜெர்மானியர் வேண்டியிருந்தது. அதை எடுக்கலாமா என்று சொல்ல அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேட்போம்.