தோலுக்கு உள்ள திட்டம் சுவருக்கு இல்லை

ஆம்பூரின் பெரிய தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்குப் போகும் ஷூவின் மேற்பகுதியான அப்பர், தோலின்மீது கத்தி படுவதற்கு முன்பே கணினித் திரையில் வரையப்பட்டு, அளவு அளவாகப் பிரிக்கப்பட்டு, சேதாரம் குறையும்படி அடுக்கிப் பார்க்கப்படுகிறது. ஆனால் அந்த ஷூ தைக்கப்படும் கட்டடமோ, சுவருக்கு ஒரு பிளான், கம்பிக்கு ஒன்று, குழாய்க்கும் மின்சாரத்துக்கும் வேறொன்று எனத் தனித்தனித் தாள்களிலிருந்தே பெரும்பாலும் எழும்புகிறது. அவை ஒன்றுக்கொன்று முரண்படுவது, போட்ட கான்கிரீட்டை உடைக்க நேரும் நாளில்தான் வெளிப்படுகிறது.

தூண், உத்தரம், குழாய் ஆகிய ஒவ்வொன்றையும் அதன் அளவோடும் பொருளோடும் விலையோடும் ஒரே கணினி மாதிரியில் இணைத்து, நிர்மாணத்துக்கு முன்பே குறைகளைக் கண்டறியும் முறையைப் பொறியாளர்கள் ‘பிம்’ என்கிறார்கள். சிங்கப்பூர் 2013 முதல் பெரிய கட்டடங்களுக்கு இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 2016இல் மத்திய அரசின் பணிகளுக்கு விதித்தது. நம் நாட்டில் நாகபுரி மெட்ரோ போன்ற பெரும் பணிகளைத் தாண்டி இது அதிகம் இறங்கவில்லை.

மென்பொருளின் ஆண்டுச் சந்தா சிறிய ஒப்பந்தக்காரருக்குப் பாரம் என்பது உண்மையே. ஆனால் ஆள் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன்; சென்னை அலுவலகங்களில் அமர்ந்து அந்நிய தேசத்துக் கட்டடங்களுக்கு இந்த மாதிரிகளை அமைப்பவர்கள் நம் பிள்ளைகளே. மூல காரணம் நம் ஒப்பந்த முறையில் இருக்கிறது. குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. செய்த அளவுக்குப் பணம். நடுவே பிளான் மாறினால் அதற்குத் தனிக் கூலி. இந்த ஏற்பாட்டில், முன்கூட்டியே தீர ஆலோசிப்பவனுக்கு ஆதாயம் இல்லை. ஆலோசியாதவனுக்கு நஷ்டமும் இல்லை.

ஆம்பூர் அடங்கிய இந்தத் தோல் தொழில் பிரதேசத்தில் பிம் முறையின் அவசியம் மிகுதியாகத் தெரியும் இடம் தோல் ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள். பாலாற்றின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னர், குழாய்களும் தொட்டிகளும் சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலங்களும் நெருங்கிப் பின்னிய இந்நிலையங்கள் பன்முறை மாற்றியும் விரித்தும் கட்டப்பட்டிருக்கின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாதிரி ஒன்று இருந்திருந்தால் அச்சுவர் நின்றிருக்கும் என்று நான் வாதிக்கவில்லை. கணினி எவருடைய மனச்சாட்சிக்கும் பிரதியாகாது. ஆயினும் சுவரின் கனமும் அது தாங்கவேண்டிய பாரமும் யாவரும் பார்க்கும்படி ஓரிடத்தில் பதிவாகியிருந்தால், கேள்வி கேட்க ஓர் அதிகாரிக்கேனும் ஆதாரம் கிடைத்திருக்கும்.

ஆகவே, இனி அரசு மானியத்தோடு எழும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மாதிரி கட்டாயமாகட்டும். அதற்கான ஊதியம் ஒப்பந்தத் தொகையில் கரைந்துபோகாமல் தனியாக ஒதுக்கப்படட்டும். பணி முடிந்தபின் அது ஒப்பந்தக்காரரோடு போய்விடாமல், நிலையத்தைப் பராமரிக்கும் பொறியாளரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஒப்படைக்கப்படட்டும்.