பயிற்சிக் களத்துக்கும் விதி வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்கும்போதெல்லாம் பந்தய நாளின் பாதுகாப்பு ஏற்பாடுகளே பேசப்படுகின்றனவேயன்றி, அதற்கு முந்தைய மாதங்களில் காளை எப்படிப் பழக்கப்பட்டது என்பதை எவரும் கேட்பதில்லை. காளையின் காலில் எதைக் கட்டலாம், எதைக் கொண்டு அதை விரட்டலாகாது என்பதைப் பயிற்சிக் காலத்துக்கும் சேர்த்துச் சொல்லும் தனி விதியைத் தமிழக அரசு வகுக்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று ஒதுக்க முடியாது. தடை தாண்டும் குதிரைகளின் உலகம் இதே சிக்கலைச் சந்தித்து, அளந்து பார்க்கக்கூடிய ஒரு விதியை வகுத்திருக்கிறது.

தடை தாண்டும் போட்டியில் குதிரையின் கால் தட்டிக் குறுக்குக்கழி ஒன்று விழுந்தால் 4 தண்டப்புள்ளிகள் சேரும் என்பதால், காலை நன்றாக மடக்கி உயரத் தூக்கும் குதிரைக்கே மதிப்பு அதிகம். அதற்காகப் பயிற்சியாளர் சிலர் கையாண்ட குறுக்குவழிதான் எடை வைத்துத் தைத்த கால்கவசம். அதை அணிந்து தாண்டிப் பழகிய குதிரை, கழற்றிய பிறகும் சிறிது நேரம் பழைய விசையோடே காலை வீசுவதால், கால் வழக்கத்தைவிட மேலே எழும். ஆனால் குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை. தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற தசைநாண்களே அங்கு ஓடுகின்றன. நீண்ட கழியின் நுனியில் கட்டிய சுமை, கைப்பிடியருகே கட்டிய அதே சுமையைவிடக் கையை எவ்வளவு வருத்துமோ, அவ்வாறே குளம்பருகே ஏற்றிய எடை தோளையும் இடுப்பையும் வருத்துகிறது. அந்தத் தசைகள் களைத்த நிலையில் குதிரை தரையிறங்கும்போது, கூடுதல் அதிர்ச்சியை மெல்லிய தசைநாண்கள் தாங்க நேர்கிறது.

இதனால்தான் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, தடை தாண்டும் போட்டிகளில் லாடம் நீங்கலாக ஒரு காலில் அணிவிக்கும் பொருள்களின் மொத்த எடை 500 கிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. பின்காலை இறுக்கி அழுத்தி உயரத் தூக்கவைக்கும் கவசங்களை 2019 முதல் படிப்படியாக விலக்கி, 2021 ஜனவரி 1 முதல் எல்லா சர்வதேசத் தடை தாண்டும் போட்டிகளுக்கும் அத்தடையை விரிவாக்கியது. எடையும் இறுக்கமும் மட்டுமன்று, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் குதிரையின் உடலில் இருந்தது தெரிந்து நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. காலில் பூசினால் தோலை எரியவைத்து, கழி பட்டாலே குதிரையைத் துடிக்கச் செய்யும் பொருள் அது.

தேனிப் பகுதிப் பந்தயக்காரர்களுக்கு நியாய உணர்வு புதிதன்று. காளைகளைத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு எனத் தரம் பிரித்து, சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு மோதவிடாமல் ஓட்டுவது அவர்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. மாட்டுப் பொங்கலன்று கம்பம் நந்தகோபாலன் தொழுவில் உயிருள்ள மாட்டையே தெய்வமாகக் கும்பிடும் மண் இது. அப்படியிருந்தும் நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சியும் வாலை முறுக்குவதும் பந்தயங்களிலிருந்து முற்றாக ஒழியவில்லை. எடைக் கவசத்துக்கும் தார்க்குச்சிக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே: விலங்கின் வலியையோ களைப்பையோ கொண்டு வேகத்தையோ உயரத்தையோ வாங்கிக்கொள்வது.

சட்டம் இதைக் கண்டிருக்கிறது, ஆனால் அரைகுறையாக. வண்டி மாடுகளைக் கூர்முனைக் கோலால் ஓட்டக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் மத்திய விதிகளே சொல்கின்றன. அவற்றுக்குத் தாயான 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதத்தோடு நின்றுவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7-இல் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டு 2017-இல் தமிழகம் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை 2023 மே 18-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றது. ஆயினும் அத்திருத்தம் ஜல்லிக்கட்டு என்பதன் விளக்கத்தில் மஞ்சுவிரட்டையும் வடமாட்டையும் எருதுவிடும் விழாவையும் பெயர் சொல்லிச் சேர்த்ததே தவிர, வண்டிப் பந்தயத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தத்தம் சட்டங்களில் அதை வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்க, இங்கே மட்டும் இந்த வெற்றிடம் ஏன்?

காயத்திலிருந்து தேறும் குதிரைக்கு மருத்துவர் மேற்பார்வையில், மெதுநடையில், சில நிமிடங்கள் மட்டும் சிறு எடை அணிவிக்கும் சிகிச்சை உண்டு என்பதும், ஓட்டக்காரர்களும் காலில் எடை கட்டிப் பழகுகிறார்கள் என்பதும் மறுதரப்பின் வாதங்கள். முதலாவது உண்மையே, ஆனால் அது மருத்துவம், பந்தயத் தயாரிப்பு அன்று. இரண்டாவது பொருந்தாது, வலித்தால் மனிதன் எடையைக் கழற்றி வைப்பான், காளைக்கு அந்த வழி இல்லை. நீச்சலும் மணல்நடையும் உழவும் நல்ல தீனியும் கொண்டு காளையை உரமேற்றும் முறைகள் இருக்கையில் வலியைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆகவே வரப்போகும் விதியில் வண்டிப் பந்தயம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். லாடம் தவிர எந்த எடையும் காலில் ஏறலாகாது. பூட்டுமுன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்து, வீக்கமோ புண்ணோ தார்க்குச்சித் தழும்போ கண்டால் அந்த மாட்டை விலக்க வேண்டும். அந்த மாட்டின் உரிமையாளர் அடுத்த பருவம் முழுவதும் களமிறங்க முடியாத நிலை ஏற்பட வேண்டும்.