காணாமல் போவது யார்?

‘சிறுவர்கள் கடலில் காணாமல் போயினர்’ என்ற வாக்கியத்தைப் பகுத்துப் பாருங்கள். ‘போயினர்’ என்பதன் எழுவாய் சிறுவர்கள். ‘காணாமல்’ என்பதன் எழுவாய் யார்? காணாதவர்கள் கரையில் இருக்கும் நாம். ‘மழை பெய்யாமல் பயிர் வாடியது’ என்பதும் இத்தகைய தொடரே: பெய்யாதது மழை, வாடியது பயிர். குறை ஓரிடத்தில், இழப்பு வேறிடத்தில். ‘காணாமல் போ’ கூட்டுவினையாக இறுகிவிட்டதால் அந்த மறைந்த எழுவாயை நாம் கவனிப்பதில்லை. எச்சத் தொடர்களைத் தொகுத்தபோது இவ்வாக்கியத்தை என் ஆய்வுக் கோப்பில் ஓர் எடுத்துக்காட்டாகவே சேர்த்தேன். அதன் பின்னால் உள்ள நிகழ்வுகளைப் படித்தபின் அதை வெறும் எடுத்துக்காட்டாகப் பார்க்க இயலவில்லை.

2015 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜூப்பிட்டர் என்னும் கடலோர ஊரிலிருந்து 14 வயதுச் சிறுவர் இருவர் 19 அடிப் படகொன்றில் மீன்பிடிக்கப் புறப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, வடக்கே வெகு தொலைவில் கவிழ்ந்த படகு மட்டும் தென்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் தேடிய கடலோரக் காவல்படை பின்னர்த் தேடலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் பெர்முடாவுக்கு அப்பால் மிதந்த அதே படகை நார்வே நாட்டுக் கப்பலொன்று மீட்டது. சிறுவர்கள் கிடைக்கவேயில்லை.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 2010 அக்டோபரில், பசிபிக் கடலின் டோக்கெலாவில் அட்டாஃபு பவளத்தீவிலிருந்து சிறுவர் மூவர் சிறிய அலுமினியப் படகில் கிளம்பித் திசைமாறினர். நியூசிலாந்து விமானப்படை தேடியும் பயனில்லை. ஊரார் அவர்களுக்கு நினைவு வழிபாடும் நடத்திவிட்டனர். ஆனால் மழைநீரைக் குடித்தும், கையில் சிக்கிய கடற்பறவையைத் தின்றும் அவர்கள் உயிர்தரித்திருந்தனர். ஐம்பதாம் நாள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஃபிஜியின் வடகிழக்கே சூரைமீன் பிடிக்கும் கப்பலொன்று அவர்களைத் தற்செயலாகக் கண்டது.

இவ்விரு நிகழ்வுகளையும் துணிவுக்கும் துடுக்குக்கும் சான்றாகப் படிப்பதே வழக்கம். ‘பெற்றோர் ஏன் அனுப்பினர்?’ என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. அதில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்பும் நேரத்தைச் சொல்லிச் செல்வதும், மிதவைச் சட்டை அணிவதும், வானிலை அறிந்து புறப்படுவதும் கட்டாயம் கற்பிக்க வேண்டியவை. ஆனால் நகரத்துப் பிள்ளைக்கு மிதிவண்டி எப்படியோ, கடலோரப் பிள்ளைக்குப் படகும் அப்படியே. இயந்திரம் நின்றுபோன பிறகு எந்த ஒழுக்கமும் கரைவரை எட்டாது. எட்டக்கூடியது ஒரு சமிக்ஞை மட்டுமே. மேற்கண்ட மூவர் பிழைத்ததற்கும் இருவர் மீளாததற்கும் இடையே தற்செயல் இருந்தது. தற்செயலை நம்பியிருப்பது ஒரு கொள்கை ஆகாது.

புளோரிடா இதை உணர்ந்தது. இருப்பிடம் அறிவிக்கும் அவசரக் கருவி வைத்திருக்கும் உல்லாசப் படகுகளுக்குப் பதிவுக் கட்டணத்தைக் குறைக்கும் சட்டம் அங்கு 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தண்டிப்பதை விட்டு, கருவி வாங்குவதை எளிதாக்கிய சட்டம் அது.

இது வேற்றுநாட்டுக் கதையன்று. 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்றுசேரவில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதலே பயன்பாட்டில் இருந்தும், அது கடலிலிருந்து கரைக்கு மட்டுமே பேசியது. குரல் கொடுத்தவருக்கு அது கேட்டதா என்று தெரியாது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி மறுமொழியும் அனுப்புகிறது. புயல் எச்சரிக்கையையும் தருகிறது. கைப்பேசியுடன் இணைத்தால் செய்தியைத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. முதலாவது அரசுக்கு. இக்கருவியை ஆழ்கடல் விசைப்படகுக்கு மட்டும் உரியதாகக் கருதலாகாது. பிள்ளைகள் விடுமுறை நாளில் ஏறிச்செல்லும் சிறு படகுக்கும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுக்கும் அது மானிய விலையில் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது நம் துறையினருக்கு. ‘தாய்மொழியில்’ என்ற சொல்லோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்பதும் தமிழ்தான். ஆனால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டு அறிந்த கடற்கரைக்கு அத்தொடர் எவ்வளவு விரைவாகப் புரியும்? பதினான்கு வயதுப் பிள்ளை அச்சத்தில் நடுங்கும் கையோடு படிக்கவேண்டிய வாக்கியம் எத்தனை சொற்களில் அமைய வேண்டும்? குஜராத்திலிருந்து வங்கம் வரை ஒவ்வொரு கடலோர மொழியிலும் இக்கேள்வி இருக்கிறது. வட்டார வழக்கை ஆயும் மாணவர்கள் கடலோரப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். ஒரு பருவத்துக் களப்பணியை இதற்கு ஒதுக்கினால், மீனவரோடு அமர்ந்து அச்செய்திகளைச் சோதித்துத் திருத்தித் தரலாம். விருப்பமுள்ளோர் எழுதுங்கள், பணியைப் பகிர்ந்துகொள்வோம்.