எள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

"வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பாசமே கிடையாது." கடலூர் டீக்கடையிலும் சிதம்பரம் ரயிலடியிலும் அலுக்காமல் பேசப்படும் வசனம் இது. சரி, பேசுகிறவரிடம் அவருடைய எள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

ஸ்காட்லாந்துக் கிராமத்தில் பண்ணைக்கூலியாக இருந்தவரின் வாரிசுகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1855 முதல் அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவது கட்டாயம். இறப்புப் பதிவில்கூட இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார்கள். 1841 முதல் வீடு வீடாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கும் இருக்கிறது. நூறு வருடம் கழிந்தால் யாரும் பார்க்கலாம். மாடு மேய்த்தவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு.

இங்கே? பழைய நிலப் பதிவேட்டில் நிலம் வைத்திருந்தவர் பெயர் இருக்கும். அதில் நாற்று நட்டவள் பெயர் இருக்காது. இந்தியாவிலும் 1881 முதல் 2011 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். ஆனால் ஒரு வீட்டின் விவரத்தை எடுத்துப் பார்க்க 1948-ஆம் வருடச் சட்டம் விடாது.

தென்னாற்காட்டு ஏழைகளின் பெயர் ஒழுங்காக ஏறிய இடம் ஒன்று உண்டு: கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கொரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர். பாசத்தில் எழுதியதா? முதல் போட்டவனுக்குக் கணக்கு வேண்டுமே! சரக்கானவனுக்குப் பெயர் கிடைத்தது. ஊரிலேயே உழைத்துச் செத்தவனுக்கு அதுவும் இல்லை. இன்று டர்பனிலிருந்து அந்தத் தாளோடு வருகிறவருக்கு மாவட்டமே அகப்படாது. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது.

"குலதெய்வம் இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். குலதெய்வம் கூட்டத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. கல்யாணமாகி வந்த பெண்ணோ பிறந்த வீட்டுத் தெய்வத்தையும் விட்டுவிட்டு வருகிறாள். இனிஷியலிலும் பெரும்பாலும் அப்பா மட்டும்தான். மூன்று தலைமுறையில் பாதிக் குடும்பம் காணாமல் போவது இப்படித்தான்.

அரசாங்கம் எழுதாததை வீடு எழுதலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டால் அவருடைய பாட்டியின் பெயர் கிடைக்கும். பெயர், பிறந்த ஊர், தாலுகா, செய்த வேலை. பாசம் யாருக்கு இருக்கிறது என்பதை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.