ஒற்றை ஆளுக்கு அறை இல்லை

ஊருக்குப் புறப்படுகிறேன் என்று ஒருவன் சொன்னால், எந்த ஊர், எத்தனை நாள், என்ன காரியம் என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக நம் ஜனங்கள் கேட்கிற கேள்வி, “கூட யார் வருகிறார்கள்?” என்பதே. உத்தியோக நிமித்தமாகவோ, சாவுக்கோ, கோர்ட்டு வழக்குக்கோ போகிறவன் என்றால் “ஒருவரும் இல்லை” என்ற பதிலை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் லீவு கிடைத்தது, ஒரு வாரம் எங்கேனும் சுற்றிவிட்டு வரலாம் என்று போகிறவன் அதே பதிலைச் சொல்லிவிட்டால், கேட்டவர் முகத்தில் இரக்கமும் சந்தேகமும் ஒருங்கே தோன்றுகின்றன. வீட்டில் சண்டையோ, மனத்தில் கிலேசமோ, வெளியில் சொல்லத் தகாத காரியமோ இருக்கவேண்டும் என்று அவர் தமக்குள் தீர்மானித்துக்கொள்கிறார். உழைப்புக்காகத் தனியே போகலாம், ஓய்வுக்காகத் தனியே போகலாகாது. துன்பத்தைத் தனியே சுமக்கலாம், இன்பத்தைத் தனியே நுகரலாகாது என்கிற இந்த அபிப்பிராயம் நம்முள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதென்றால், அதை ஓர் அபிப்பிராயம் என்றே நாம் உணர்வதில்லை. இது பிழையான நம்பிக்கை என்பதோடு, மனிதர்களுக்குக் கெடுதல் விளைவிக்கிற நம்பிக்கை என்பதும் என் முடிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் ஊரில் இரவு ஒன்பதரை மணிக்கு ரயிலை விட்டு இறங்கினேன். சன்னிதித் தெருவிலும் அதையடுத்த தெருவிலுமாக நான்கு லாட்ஜுகளில் அறை கேட்டேன். முதல் இடத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னையும், எனக்குப் பின்னால் வாசலையும் பார்த்துவிட்டு, “எத்தனை பேர் சார்?” என்றார். “நான் ஒருவன்தான்” என்றேன். “சிங்கிளுக்கு ரூம் கொடுக்கிறதில்லை சார்” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடையாள அட்டையைக் காட்டினேன், இருவருக்குரிய வாடகையை முன்பணமாகவே தருகிறேன் என்றும் சொன்னேன், பயனில்லை. நான்காவது இடத்திலிருந்த முதியவர் மாத்திரம் காரணத்தைச் சொன்னார்: “தனியா வர்றவங்க சில பேரு கதவைச் சாத்திக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிடறாங்க தம்பி. அப்புறம் போலீசு, கேசுன்னு நாங்கதான் அலையணும். முதலாளி உத்தரவு, நான் என்ன செய்ய?” அன்றிரவை ரயில் நிலையத்து வெயிட்டிங் ஹாலில் கழித்தேன். அங்கே நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த முதியவரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்த உத்தரவை ஆராய்ந்து பார்த்தால், அதில் நியாயமும் இல்லை, கருணையும் இல்லை. குடும்பமாக வந்து ஒரே அறையில் உயிரை மாய்த்துக்கொண்ட துயரச் செய்திகளையும் நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அதற்காகக் குடும்பங்களுக்கு அறை மறுக்கிறவர் எவரும் இல்லை. உண்மையிலேயே மனம் உடைந்த ஒருவன் வாசலில் வந்து நின்றால், அவனை நள்ளிரவில் தெருவுக்குத் திருப்பியனுப்புவதனால் அவன் துயரம் நீங்கிவிடுமா? “சாப்பிட்டீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டு, காலையில் கதவைத் தட்டிக் காபி வேண்டுமா என்று விசாரிக்கிற ஒரு பையனை நியமித்திருந்தால், அந்த முதலாளி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

இதே நாட்டில் வேறொரு வழக்கம் இருந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ஆம் ஆண்டில் கம்பெனியாரின் ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், தம் ராஜ்யத்துச் சத்திரங்கள் நடைபெறும் முறையை விவரிக்கிறார். வந்த வழிப்போக்கர் எந்த ஜாதியாராயினும், எத்தகைய யாத்திரிகராயினும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் சாமான்களும் உண்டு. நோயுற்றவர்க்கு வைத்தியம் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்ணுமாறு அழைப்பதும் உண்டு. ஒரத்தநாட்டிலே முக்தாம்பாள் பெயரால் அவர் நிறுவிய சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. உண்ணாத ஒருவனைத் தேடி இருட்டில் மணியடித்த தேசத்தில், சாவி தொங்கிக்கொண்டிருக்கும்போதே அறை இல்லை என்று சொல்கிற நிலைக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இந்நம்பிக்கைக்கு ஒரு பூர்வகாலக் காரணம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. வேலூருக்கு அருகில் உள்ள விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று திருநாமம். கள்வர் பயத்தால் நடுங்கிய மிளகு வணிகன் ஒருவனுக்கு அவரே துணையாக வந்தார் என்று தலபுராணம் கூறும். காடும் கள்வரும் மலிந்த காலத்தில், மாட்டு வண்டிகள் பத்தும் பன்னிரண்டும் ஒன்றுசேர்ந்து புறப்பட்டது புத்திசாலித்தனமே. ஆனால் அக்காலத்துப் பாதைகளின் சரித்திரத்திலேயே நாம் மறந்துவிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. வட இந்தியச் சாலைகளில் தக்கர் என்ற கொலைஞர் கூட்டத்தாரை 1830-களில் ஸ்லீமன் என்ற அதிகாரி முனைந்து அடக்கினார். அவர்களுடைய தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அவர்கள் கைக்கொண்ட உபாயமாகச் சொல்லப்படுவதோ தெளிவானது. அவர்கள் புதரில் ஒளிந்திருந்து பாய்ந்தவர்கள் அல்லர். “வழி பொல்லாதது, சேர்ந்து போகலாம்” என்று நயமாகப் பேசி, நாட்கணக்கில் உடன் நடந்து, உடன் உண்டு, நம்பிக்கை முற்றிய பிறகே கழுத்தில் துணியை இறுக்கினார்கள். தனிமையைக் கண்டு அஞ்சிய யாத்திரிகன், அந்த அச்சத்தினாலேயே அவர்கள் கையில் அகப்பட்டான்.

அந்தக் காடுகளும் இன்றில்லை. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கிய அன்றே, தனியாகப் போகிறவன் தனியாக இல்லாத ஒரு புதிய பிரயாணம் தென்னாட்டில் பிறந்துவிட்டது. பாதை மாறிற்று, வாகனம் மாறிற்று, பயம் மாத்திரம் மாறவில்லை.

கூட்டமாகப் போவதனால் எதை இழக்கிறோம் என்பதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இருக்கிறது. மூலக் கோயிலைச் சுற்றிச் சுவரின் கீழ்ப்பகுதியில் நாயன்மார்களின் சரிதைகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கி, பலவற்றுக்கு மேலே பெயரும் பொறித்திருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் அவை கல்லின் மேடுபள்ளங்களாகத் தோன்றும். குந்தி உட்கார்ந்து, ஒன்றைப் பார்த்து, நகர்ந்து, அடுத்ததைப் பார்த்து, வெயில் சாய்கிற கோணத்துக்காகச் சற்றுக் காத்திருந்தால்தான் முகங்கள் தெரியும். நான் அங்கே ஒரு முற்பகல் முழுவதும் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, இரண்டு சுற்றுலா பஸ்கள் வந்து போயின. ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்கிற சிற்பத்தைக் காட்டினார்கள், எல்லோரும் படம் எடுத்தார்கள், ஹாரன் ஒலித்தது, போய்விட்டார்கள். அவர்களில் ஓர் இளைஞன் மாத்திரம் என்னருகில் குனிந்து, ஒரு சிற்பத்தின்மேல் இருந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். இரண்டு எழுத்து படித்திருப்பான். “டேய், எல்லாரும் ஏறியாச்சு” என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். அந்தப் பெயரை அவன் படித்து முடிக்கவிடாமல் செய்த துணையை நான் எப்படி நன்மை என்று சொல்வேன்?

என் தாயாரைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது கன்னியாகுமரி, திருச்செந்தூர், இராமேசுவரம் என்று வேன் பிடித்துச் சுற்றத்தாருடன் போய்வந்தோம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு முழுவதும் அவர் புளியோதரை கிளறிக்கொண்டும், இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி அடுக்கிக்கொண்டும் இருப்பார். ஒவ்வோர் ஊரிலும் குழந்தைகளை எண்ணுவார். ஈரத் துணியைப் பிழிவார். மாமனாருக்கு மாத்திரை கொடுப்பார். மற்றவர்கள் சூரியோதயம் பார்க்கிறபோது பிளாஸ்க்கில் பால் வாங்க அலைவார். முதுமையில் அவரிடம் ஒரு நாள், “அம்மா, இராமேசுவரம் பிராகாரம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். “நினைவிருக்கிறதே! அங்கேதானே உன் தம்பி செருப்பைத் தொலைத்தான்” என்றார். கண்ணுக்கு எட்டாத தூரம்வரை தூண்கள் நிற்கிற அந்தப் பிராகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. குடும்பப் பிரயாணத்தின் இன்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த இன்பத்தைச் சமைத்துக் கொடுத்தவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசவேண்டும். அவருக்கு அவருடைய ஆயுளில் நான்கு நாட்களேனும் எவர் தலையையும் எண்ணாமல் நடக்கிற நாட்களாகக் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

தனியே சென்றவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்பவர்க்கு உதாரணங்கள் குறைவல்ல. வழிகாட்டியும் கைவிட்டுப் போனபின் பாலைவனத்தைத் தனியே கடந்த யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரையில் வந்து போனார். விவேகானந்தர் 1891-இல் தம் சகோதரத் துறவியரை விட்டு விலகித் தனியே நடந்து, அடுத்த ஆண்டின் இறுதியில் குமரிமுனையை அடைந்தார். ‘அவர்கள் மகான்கள், நாம் சாமானியர்’ என்று சொல்வீர்களாயின், கோட்டையூர் ஏ. கே. செட்டியாரைப் பாருங்கள். துறவியல்லர், தனவந்தப் பிரபுவும் அல்லர். புகைப்படக் கலை பயின்ற இளைஞர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி முழுநீளச் செய்திப்படம் ஒன்று தயாரிக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பிறகு கண்டங்கள் தோறும் அலைந்து, பழைய படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டில் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவருடைய நூலும் வந்தது. அந்தக் கப்பலில் பத்து உறவினர் சூழ உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அவ்வெண்ணம் உதித்திருக்குமா என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

ஸ்திரீகள் விஷயத்தில் இந்நம்பிக்கை கொடுமையாகவே முதிர்ந்துவிடுகிறது. தமிழ்நாடு ஒரு பெண் தன்னந்தனியே ஊர் ஊராக நடப்பதை விரும்பிப் போற்றியிருக்கிறது. ஔவையை நேசியாத தமிழர் யார்? ஆனால் அந்தக் கதையைக் கவனித்துப் பாருங்கள். இளமையிலேயே முதுமையை வரமாக வேண்டிப் பெற்ற பிறகுதான் அவள் வழி நடக்கிறாள். பாதையை அவளுக்குத் திறந்துவிட நாம் வாங்கிக்கொண்ட விலை அவளுடைய இளமை. இன்றைக்கும் அதே விலையைத்தான் கேட்கிறோம்: பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகட்டும், வயதாகட்டும், பிறகு காசிக்குப் போகலாம் என்கிறோம். ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அதைச் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தனிமையிலிருந்து பிறக்கவில்லை. விளக்கில்லாத தெருவிலும், இரவில் ஓடாத பஸ்ஸிலும், பின்தொடர்கிற ஆடவனிடத்திலும், அறை மறுக்கிற லாட்ஜிலும் இருக்கிறது. பெண்களுக்குக் கேடு செய்தவர்களில் முன்பே அறிமுகமானவர்கள் எத்தனை பேர் என்பதை நீதிமன்றங்கள் அறியும். அறை மறுத்து அவளை இருட்டில் நிறுத்திவிட்டு, பார், தனியே போவது ஆபத்து என்று உபதேசிப்பது, குழியை வெட்டியவனே வழி சரியில்லை என்று சொல்வதை ஒக்கும்.

தனிப் பிரயாணத்தில் சிரமங்களே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. ஒருவனுக்கும் இருவருக்கும் அறை வாடகை ஒன்றே, ஆட்டோவுக்கும் அப்படியே. வடதேசத்தில் ஒருமுறை ஜுரம் கண்டு இரண்டு நாள் கிடந்தபோது, கஞ்சி என்ற வார்த்தையை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கண்ணீர் விட்டிருக்கிறேன். அந்தி வேளையில், அறியாத ஊரின் வீடுகளில் விளக்கு ஏற்றுகிறபோது, நெஞ்சில் ஒரு வெறுமை வந்து குடிபுகும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நீங்கும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் நீண்டது. எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் ஒரு சின்ன விஷயந்தான்: குளிக்கப் போகிறபோது பையை யார் பார்த்துக்கொள்வது?

அந்த வெயிட்டிங் ஹாலில் எனக்கு எதிர்ப்பெஞ்சியில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரும் இரண்டு லாட்ஜுகளில் கேட்டுவிட்டு வந்தவர். காலஞ்சென்ற கணவர் நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போன பிரார்த்தனையைச் செலுத்த வந்ததாகச் சொன்னார். “மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு லீவு இல்லை. எனக்கு அவர் நினைவோடு தனியா வரணும்னுதான் இருந்துச்சு, அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். விடிவதற்குச் சற்று முன், தம் துணிப்பையை என் பெஞ்சியில் கொண்டுவந்து வைத்து, “தம்பி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, குளத்துல முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அரைமணியில் ஈரத் தலையோடு திரும்பி வந்தார். பிறகு என் பையை அவர் பார்த்துக்கொள்ள, நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன். கோயில் நடை திறக்கிற மணி கேட்டது. அவர் தெற்கு வாசல் வழியாகப் போனார். நான் கீழைக் கோபுரத்தைப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.